15 நிமிட ஏர் ஃப்ரையர் ரெசிபியில் நம்ம ஊர் மாட்டுக்கறி ஏன் வேகமாட்டேங்குது?

கிள்ளை மாதிரி கடலோர ஊரில் ஒரு வீட்டுக்கு ஏர் ஃப்ரையர் வந்தால், அதற்குள் முதலில் போவது இறாலாகவோ மீனாகவோதான் இருக்கும். பிச்சாவரம் பக்கத்திலேயே இருக்கிறது, மீன் தினசரி சாப்பாடு. மசாலா தடவிய இறால் 200 டிகிரியில் 6 முதல் 8 நிமிடத்தில் ரெடி. துண்டு மீன் என்றால் 10, 12 நிமிடம். எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும். பரவாயில்லையே, சாமானுக்குக் கொடுத்த காசு வீண் இல்லை என்று தோன்றும்.

அந்த நம்பிக்கையில் அடுத்து மாட்டுக்கறி. சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருப்பார்: மாட்டுக்கறித் துண்டு, குடைமிளகாய், ப்ராக்கோலி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 15 நிமிடத்தில் டின்னர். சிதம்பரத்திலோ கடலூரிலோ வேலை முடிந்து இரவு 8 மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? வீடியோவில் சொன்னபடியே எல்லாம் செய்கிறார். மேலே நல்ல பழுப்பு நிறம், வாசனையும் ஜோர். வாயில் போட்டால் ரப்பர். மென்று மென்று தாடைதான் வலிக்கும்.

வழக்கமாக இதற்கு மூன்று பேர் மேல் பழி விழும்: மெஷின், கடைக்காரர், சமைத்தவர். மூன்று பேருமே பெரும்பாலும் நிரபராதிகள். கறி எந்த வயது மாட்டிலிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த வயதைத் தீர்மானிப்பதில் ஒரு சட்டத்துக்கும் பங்கு உண்டு.

மீன் மட்டும் எப்படி உடனே வேகிறது?

தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் ஒரு புரதம் இருக்கிறது. பெயர் கொலாஜன். கயிறு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மீனில் இந்தக் கயிறு குறைவு, அதுவும் லேசான சூட்டிலேயே இளகிவிடும். தண்ணீரில் மிதக்கிற உடம்புக்குத் தன் எடையைத் தாங்க வலுவான கட்டு தேவைப்படுவதில்லை. நான்கு காலில் நின்று, நடந்து, ஏர் இழுத்து, வண்டி இழுத்த மாட்டின் தொடைக்குத் தேவைப்படுகிறது.

மாட்டுக்கறியின் உள்சூடு 60 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குப் போகும்போது கொலாஜன் சுருங்குகிறது. ஈரத்துணியைப் பிழிவது போல உள்ளே இருக்கும் சாற்றை வெளியே தள்ளுகிறது. கறி கடினமாவது அந்தக் கட்டத்தில்தான். அதற்கும் மேலே சூடு போய், ஈரமும் நேரமும் கிடைத்தால்தான் அதே கொலாஜன் மெல்ல உருகி ஜெலட்டினாக மாறும். பாயாவில் விரல் ஒட்டுகிறதே, அதுதான் ஜெலட்டின். 15 நிமிட ரெசிபி கறியைச் சுருங்க வைக்கிறது, உருக நேரம் கொடுப்பதில்லை.

அப்படியானால் சிங்கப்பூரில் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது? ஆஸ்திரேலியா, பிரேசில், அமெரிக்கா மாதிரி நாடுகளில் மாடுகளைக் கறிக்கென்றே வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் அவை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் வெட்டப்படுகின்றன. அதிலும் இந்த வீடியோக்களில் வருவது முதுகுப் பக்கத்து மெத்தென்ற துண்டு. அதிகம் வேலை செய்யாத தசை, இளம் வயது, கொலாஜன் இழைகளுக்கு இடையே முடிச்சுகளும் குறைவு. மாட்டுக்கு வயது ஏற ஏற இந்த முடிச்சுகள் இறுகும், சூட்டுக்கு அசைந்து கொடுக்காது. ஆக, ரெசிபி பொய் சொல்லவில்லை. அது வேறொரு மாட்டுக்கு எழுதப்பட்டது.

சட்டம் சமையலறைக்குள் வரும் இடம்

தமிழ்நாட்டில் மாட்டுக்கறி விற்பதற்கோ சாப்பிடுவதற்கோ தடை இல்லை. எந்த மாட்டை வெட்டலாம் என்பதற்குத்தான் கட்டுப்பாடு. 1958-ல் வந்த விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று உரிய அதிகாரி சான்றிதழ் கொடுத்தால்தான் வெட்டலாம். காயம், ஊனம், தீராத நோய் ஆகியவற்றால் நிரந்தரமாகப் பயனற்றுப் போனதற்கும் சான்றிதழ் தரலாம். பசு வெட்டுவதற்கு 1976-ல் வந்த அரசாணை தனியாகத் தடை போட்டது.

இதைச் சமையல்காரரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். சட்டப்படி கடைக்கு வரும் கறி பெரும்பாலும் 10 வயது தாண்டிய, உழைத்து ஓய்ந்த மாட்டினுடையது. இளம் மாட்டின் ஸ்டேக் இங்கே சாதாரண கறிக்கடையில் கிடைக்காததற்குக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் ஊர் மாட்டுக்கறிச் சமையல் முறைகளும் இந்தக் கறியோடு பழகி வந்தவைதான். சுக்காவுக்கு முதலில் வேகவைத்து, தண்ணீர் வற்ற வைத்து, அப்புறம்தான் வறுப்பார்கள். கேரளத்து உலர்த்தியதும் அப்படியே. ஆம்பூர் பிரியாணியில் கறி மசாலாவில் நிதானமாக வெந்த பிறகுதான் அரிசி சேரும். எல்லாவற்றிலும் முதல் வேலை ஈரச் சூடு, இரண்டாவது வேலை வறட்டுச் சூடு. ஏர் ஃப்ரையர் ரெசிபியில் விட்டுப்போனது அந்த முதல் வேலை.

மெஷின் என்ன செய்கிறது?

பெயரில்தான் ஃப்ரையர், உள்ளே எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு ஹீட்டர் காயில், அதற்கும் மேலே வேகமாகச் சுற்றும் விசிறி. சூடான காற்று சின்னக் கூடைக்குள் சுழன்று சாப்பாட்டின் மேல்பரப்பை உலர்த்துகிறது. மேல்பரப்பு உலர்ந்து சுமார் 140 டிகிரியைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து அந்தப் பழுப்பு நிறத்தையும் வறுத்த வாசனையையும் கொடுக்கின்றன. இதற்கு மெய்யார் வினை என்று பெயர். ஆக, இது கையடக்கமான, வேகமான ஓவன்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய் என்பவர் உருவாக்கிய இந்தத் தொழில்நுட்பத்தை, பிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் பெர்லின் ஐஎஃப்ஏ கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அவர் தேடியது குறைந்த எண்ணெயில் மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு வறுவல். சீக்கிரம் வேகும் ஒரு பொருளுக்காகப் பிறந்த மெஷின் இது. 10 வயது எருதை அதற்குள் போட்டால் அது திணறத்தான் செய்யும்.

ஞாயிறு குக்கர், புதன் ஏர் ஃப்ரையர்

வழி சுலபமானது. வேலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கியதும் அரைக் கிலோவை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் மிளகு, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 120 டிகிரி வரை சூடாகும். திறந்த பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் கேட்கும் கறி, இதில் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

விசில் எண்ண வேண்டாம். அடுப்புக்கு அடுப்பு, குக்கருக்குக் குக்கர் விசில் கணக்கு மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். பிரஷர் தானாக இறங்கட்டும். ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினால் நார் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இன்னும் 10 நிமிடம். இங்கே அவசரப்பட்டால் பின்னால் ஏர் ஃப்ரையர் காப்பாற்றாது.

வெந்த கறியையும் அதன் சாறையும் தனித்தனியாகப் பிரித்து, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைக்கவும். சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, கடலோரப் புழுக்கத்தில் அதற்கும் முன்பே எடுத்து வைப்பது நல்லது. ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு வேளைக்கான பங்காகப் பிரித்து ஃப்ரீசரில் போடலாம்.

இப்போது புதன்கிழமை இரவு. இரண்டு பேருக்கு வெந்த கறியில் பாதி போதும். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சோம்புத்தூள், மிளகுத்தூள் எல்லாவற்றையும் ஒன்றரை ஸ்பூன் எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். எண்ணெயே இல்லாமல் தூளை மட்டும் தூவினால் விசிறிக் காற்றில் பறக்கும், மிச்சம் இருப்பது கருகிக் கசக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெயை மிச்சம் பிடிப்பதில் கௌரவம் ஒன்றும் இல்லை.

காய்களை ஒரே நேரத்தில் போடுவதுதான் அடுத்த தப்பு. கேரட், உருளைக்கிழங்கு, சேனைக்கிழங்கு மாதிரிக் கெட்டியானவை முதலில். விரல் அளவுக்கு வெட்டி, உப்பும் எண்ணெயும் பிசிறி, 180 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். அதன் பிறகு கூடையை இழுத்து பீன்ஸ், குடைமிளகாய், பெரிய வெங்காயம், கறி எல்லாவற்றையும் சேர்த்து 200 டிகிரியில் இன்னும் 7 நிமிடம். நடுவில் ஒரு தடவை குலுக்கிவிட வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்த கறி என்பதால் நடுத்துண்டு வரை ஆவி பறக்கச் சூடாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். மொத்தம் 17 நிமிடம். அதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

கறிவேப்பிலையைக் கடைசியாக மேலே தூவாதீர்கள். காற்றில் எழும்பி ஹீட்டரில் ஒட்டிக் கருகும். எண்ணெயில் பிசிறி, கறித் துண்டுகளுக்கு அடியில் செருகிவிட்டால் மொறுமொறுவென்று வரும். தேங்காய்ப் பல்லுக்கும் கடைசி 4 நிமிடம் போதும். கூடையில் ஒரே அடுக்குதான். மலைபோலக் குவித்தால் காற்று சுற்றாது, வறுபடுவதற்குப் பதில் எல்லாம் ஆவியில் வெந்து சொதசொதவென்று ஆகிவிடும். நான்கு பேர் வீடென்றால் இரண்டு தடவையாகப் போட வேண்டியதுதான். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

குக்கரே வேண்டாம், இன்றைக்கே வேண்டும் என்றால்?

கொத்துக்கறி வாங்குங்கள். அரைக்கும்போதே நார் அறுந்துவிடுவதால் பல்லுக்கு வேலை மிச்சம். கால் கிலோ கொத்துக்கறியோடு பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், சோம்பு, இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, உப்பு சேர்த்து, எலுமிச்சை அளவைவிடச் சின்னதாக உருட்டி, சுற்றிலும் காய்களை வைத்து 180 டிகிரியில் 12 நிமிடம். நிஜமாகவே 15 நிமிட டின்னர் இதுதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். துண்டுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில் இருக்கும். அரைத்த கறியில் அது உள்ளேயும் கலந்துவிடும். அதனால் உருண்டையின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, சில நேரம் வேகுவதற்கு முன்பே பழுப்பாகிவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையல் தெர்மாமீட்டர் வாங்கி வைப்பது நல்லது.

துண்டாகத்தான் வேண்டும் என்பவர்கள் கடையில் 'அண்டர்கட்' கேட்டுப் பார்க்கலாம். முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் அதிகம் உழைக்காத தசை அது. ஒரு மாட்டில் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதையும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்ட வேண்டும். அரைத்த பப்பாளிக்காய் ஒரு ஸ்பூன் தடவி அரை மணி நேரம் வைத்தால் அதில் இருக்கும் பப்பைன் நொதி புரதத்தை அறுக்கும். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் இன்னும் மென்மையாகும் என்று நினைக்காதீர்கள், மாவு மாதிரிக் குழைந்துவிடும். பப்பாளி கிடைக்காவிட்டால் அரைக் கிலோவுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா, 15 நிமிடம். தயிரும் எலுமிச்சையும் ருசிக்கு நல்லது, ஆனால் மேல்பரப்பைத் தாண்டி அதிக தூரம் உள்ளே போகாது.

பிளக் பாயின்டைப் பார்த்தீர்களா?

பல ஏர் ஃப்ரையர்கள் 1,500 வாட் அளவில் இருக்கின்றன. 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஆறரை ஆம்பியர் வரும். பழைய வீடுகளில் மிக்ஸிக்கு, போன் சார்ஜருக்கு இருப்பது 6 ஆம்பியர் பாயின்ட். அதில் ஓடத்தான் செய்யும், ஆனால் நாளடைவில் சாக்கெட் சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது இன்னும் மோசம். ஃபிரிட்ஜ், கீசருக்குப் போட்டிருக்கும் பெரிய 16 ஆம்பியர் பாயின்டில்தான் மாட்ட வேண்டும்.

கரன்ட் பில்லைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. 1,500 வாட் மெஷின் 20 நிமிடம் நிற்காமல் ஓடினாலும் அரை யூனிட்தான். மாதத்தில் 20 நாள் போட்டால் 10 யூனிட், இரண்டு மாத பில்லில் 20. வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஏற்கெனவே ஏசி ஓடும் வீடென்றால் அந்த 20 யூனிட் மேல் ஸ்லாபில் போய் உட்காரும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் உண்மை: 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்துக் கடலூர் மாவட்டம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் கேஸ் அடுப்பைத் தூக்கிப் பரணில் போட மாட்டார்கள்.

எண்ணெய் குறைந்தால் உடம்புக்கு நல்லதா?

பாதி உண்மை. வடை, பஜ்ஜி மாதிரி எண்ணெயில் மிதப்பவற்றோடு ஒப்பிட்டால் ஏர் ஃப்ரையரில் எண்ணெய் வெகுவாகக் குறையும். சுக்காவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சொற்பம், அதில் ஏற்கெனவே கொஞ்சம் எண்ணெய்தானே. கறிக்குள் இருக்கும் கொழுப்பும் மெஷினுக்குள் போனதால் காணாமல் போகாது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் மாடு, ஆடு, பன்றி உள்ளிட்ட சிவப்பு இறைச்சியைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. சாசேஜ், பேக்கன் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சிக்கு அதைவிடக் கடுமையான பிரிவு. இதற்காகச் சிவப்பு இறைச்சியை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை, சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது. கருகிய பகுதியைச் சாப்பிடாமல் ஒதுக்குவதும் நல்லது. 200 டிகிரியில் 7 நிமிடம் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம், அதையே 15 நிமிடமாக்க வேண்டாம்.

மறுபக்கம் இரும்புச்சத்து. தேசிய குடும்பநல ஆய்வு ஐந்தாவது சுற்றின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாட்டுக்கறியில் இருக்கும் இரும்பை உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும். கூடச் சாப்பிடும் காய்கறி, பருப்பில் உள்ள இரும்பு உடலில் சேரவும் அது உதவுகிறது. குடைமிளகாயில் இருக்கும் வைட்டமின் சி அந்த வேலையை இன்னும் சுலபமாக்கும். விலையும் ஆட்டுக்கறியைவிட வெகு குறைவு. தட்டில் கறி கால் பங்கு, காய் பாதி என்று வைத்தால் கணக்கு சரியாக இருக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், டீ காய்கறி இரும்பை உடலில் சேர விடாது.

வாடகை வீட்டில் வாசனை வருமா?

வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் ஏர் ஃப்ரையர் வாங்க இதுவும் ஒரு காரணம். 'நான்-வெஜ் சமைக்கக் கூடாது' என்ற நிபந்தனையோடுதான் பல வீடுகள் வாடகைக்கு வருகின்றன. மாட்டுக்கறி என்றால் நான்-வெஜ் சாப்பிடும் ஓனர்களிலேயே சிலர் முகம் சுளிப்பார்கள். இது வீட்டு வாசலோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றானபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இதில் பாகுபாடு இருப்பதாகச் சொல்லி நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. மாட்டுக்கறி பிரியாணிக்கே பேர்போன ஊரின் கதை இது.

ஆக, ஏர் ஃப்ரையர் வாசனையை மறைக்குமா? மறைக்காது. புகை குறையும், எண்ணெய் தெறிக்காது, சுவரில் பிசுக்கு படியாது. ஆனால் உள்ளே இருப்பது விசிறி, அது பின்பக்கத் துவாரம் வழியாக வாசனையை அழகாக வெளியே அனுப்பும். கொழுப்பான கறியென்றால் அடித்தட்டில் சொட்டிப் புகையவும் செய்யும். அதற்கு அடித்தட்டில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும். குக்கரில் வேகும்போது வரும் வாசனைக்கு எதுவும் செய்வதற்கில்லை.

குக்கரில் மிஞ்சிய சாறு ஃபிரிட்ஜில் இருக்குமே, அதைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். ஆறியதும் மேலே உறைந்து நிற்கும் கொழுப்பை ஸ்பூனால் எடுத்துவிட்டு, மிளகு, சீரகம், பூண்டு, ஒரு தக்காளி தட்டிப் போட்டு அடுப்பில் ஒரு கொதி விடுங்கள். கூடையில் கறி வறுபடும் அந்த 7 நிமிடத்திலேயே ரசம் தயாராகிவிடும்.